ஒரே பலகையில் ஒரு பரிசுப் பெட்டி

பெட்டி செய்ய உட்கார்ந்ததும் கை தானாக அளவு நாடாவைத் தேடும். இந்த அத்தியாயத்தில் அதற்கு வேலை குறைவு. தொடக்கத்தில் நான்கைந்து அளவுகளைக் குறிப்போம். பிறகு நாடாவைச் சுருட்டி வைத்துவிடலாம். அதன்பின் ஒவ்வொரு துண்டையும் அடுத்த துண்டின் மேல் வைத்துத்தான் கோடு போடப் போகிறோம்.

காரணம் எளிது. நாடாவில் 132 என்று படித்து, பென்சிலால் குறித்து, ரம்பத்தால் அறுக்கும்போது ஒவ்வொரு படியிலும் அரை மி.மீ. வரை தவறலாம். நான்கு பக்கம், நான்கு மூலை என்று கூட்டினால் அந்தத் தவறுகள் மூலையில் இடைவெளியாக வந்து நிற்கும். பலகையைப் பலகையோடு வைத்துக் குறித்தால் இடையில் எண்ணே கிடையாது, தவறவும் வழி கிடையாது. இயந்திரமில்லாமல், நாலைந்து கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு வேலை செய்பவருக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை.

நாம் செய்யப்போகும் பெட்டியின் வெளியளவு 200 × 140 மி.மீ., சுவரின் உயரம் 80 மி.மீ. உள்ளே 176 × 116 மி.மீ. இடம் கிடைக்கும். பேனா, கைக்கடிகாரம், இரண்டு வரிசை வளையல், ஒரு கட்டுக் கடிதம் எல்லாம் தாராளமாக அடங்கும். நீங்கள் கொடுக்க நினைக்கும் பொருள் இதைவிடப் பெரிதென்றால், முதலில் அந்தப் பொருளை ஒரு தாளின் மேல் வைத்துச் சுற்றிலும் ஒரு விரற்கடை இடம் விட்டு வரைந்துகொள்ளுங்கள். அதுதான் பெட்டியின் உள்ளளவு.

பலகை

4 அடி நீளம், 4 அங்குல அகலம், இழைத்தபின் அரை அங்குலக் கனம் நிற்கும் பலகை ஒன்று போதும். அதன் ஒரு பக்கத்திலிருந்து இரண்டரை அடி நீளம் நான்கு சுவர்களுக்குப் போகும். மிச்சமுள்ள ஒன்றரை அடி மூடிக்கு. சுவர்ப் பலகையின் அகலத்தை 80 மி.மீ. ஆகக் குறைக்கும்போது கழியும் மெல்லிய ரீப்பர், பெட்டியின் அடிப்பலகையைத் தாங்கப் பயன்படும். இவற்றோடு 4 மி.மீ. பிளைவுட்டில் இரண்டு சிறு துண்டுகள் வேண்டும். ஒன்று அடிக்கு, ஒன்று மூடியின் உட்புறத்துக்கு.

முதல் பெட்டிக்குத் தேக்கு வேண்டாம். சாமான் வந்த பேக்கிங் பெட்டிகளின் பைன் பலகை மெத்தென்று இழையும், உளிக்கும் படியும், பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது முத்திரை. வெளிநாட்டுச் சரக்கோடு வந்த மரத்தில் கதிர்ச் சின்னத்தோடு சில எழுத்துகள் சுடப்பட்டிருக்கும். ‘எச்.டி.’ என்றிருந்தால் பூச்சி சாவதற்காக வெப்பமூட்டிய மரம். அதன் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமாவது இருந்திருக்கிறது என்று பொருள். ‘எம்.பி.’ என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப்புகை போட்டது. அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது ஆணி. பழைய பலகையின் மேல் ஒரு காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். தலை ஒடிந்து உள்ளே புதைந்த ஒரே ஓர் ஆணி இழைப்புளித் தகட்டின் வாயைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது பூச்சி. குண்டூசித் தலை அளவு துளைகளும், தட்டினால் உதிரும் மாவும் இருந்தால், விலை என்னவானாலும் அந்தப் பலகை வேண்டாம். பெட்டியோடு சேர்த்துப் பூச்சியையும் பரிசளிப்பதாகிவிடும்.

நான்காவது ஈரம். ஈரப்பதம் அளக்கும் கருவி இல்லாவிட்டால் சமையலறைத் தராசு போதும். பலகையை வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் சாய்த்து வைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் மரம் இன்னும் காய்கிறது. எடை மாறாமல் நின்றபின் வேலையைத் தொடங்குங்கள்.

கருவிகள்

• பல் நெருக்கமான கைரம்பம். இல்லாவிட்டால் அங்குலத்துக்கு 24 பல் உள்ள ஹாக்சா பிளேடு. மெதுவாக அறுக்கும், ஆனால் வெட்டு சுத்தமாக இருக்கும்.
• இழைப்புளி ஒன்று. மரத்தாலானதோ இரும்போ, எதுவும் சரி.
• முக்கால் அங்குல உளியும் கொட்டாப்புளியும்.
• மூலைமட்டம்.
• பேப்பர் கட்டர். கோடு போடுவது இதனால்தான். பென்சில் அடையாளத்துக்கு மட்டும்.
• கை டிரில், 3 மி.மீ. பிட்.
• வெள்ளை மரப்பசை, 3 மி.மீ. மூங்கில் குச்சிகள், பழைய சைக்கிள் டியூப்.
• 120, 180, 320 எண் உப்புத்தாள்.

மூலைமட்டத்தை நம்புவதற்கு முன் சோதித்துவிடுங்கள். நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை வைத்து ஒரு கோடு கிழியுங்கள். மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விரிந்து போனால் கோணலின் அளவு அந்த விரிவில் பாதி.

கூர்மை பார்ப்பதற்கும் பைன் மரமே போதும். பலகையின் அறுத்த முனையில் உளியைக் கையால் தள்ளிச் சீவுங்கள். மெல்லிய முழுச் சீவல் வந்து, சீவிய இடம் பளபளத்தால் உளி தயார். முனை நசுங்கி, தூள் தூளாக வந்தால் இன்னும் தீட்ட வேண்டும். சாணைக்கல் இல்லாதவர்கள் கண்ணாடித் துண்டின் மேல் நீர் உப்புத்தாளை ஒட்டி 400, 800, 1200 என்று படிப்படியாகத் தீட்டலாம். உளியின் முதுகுப்புறம் தட்டையாக இல்லாவிட்டால் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. ஆகவே அதை முதலில் தேய்த்துத் தட்டையாக்குங்கள்.

கையால் செய்யும் இரண்டு துணைக்கருவிகள்

கோடு கிழிக்கும் கட்டை: தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கட்டைத் துண்டில், தட்டைத் தலையுள்ள ஒரு திருகாணியை நேராக ஏற்றுங்கள். தலை வெளியே நீட்டி நிற்க வேண்டும். கட்டையின் முகத்தைப் பலகையின் விளிம்போடு அணைத்து இழுத்தால், திருகாணித் தலையின் கூரான ஓரம் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் கோடு கிழித்துக்கொண்டே போகும். திருகினால் தூரம் கூடும், குறையும். நீட்டிய உயரத்தை அளக்க வேண்டியதே இல்லை. சுவர்ப் பலகையின் கனத்தோடு ஒப்பிட்டு வைத்தால் ஆயிற்று.

முனை இழைக்கும் பலகை: ஓர் அகலமான பலகையின் மேல் இன்னொரு சற்றுக் குறுகலான பலகையை ஒட்டிப் படிபோல் செய்து, மேல்படியில் ஒரு ரீப்பரை விளிம்புக்குச் சரியாக 90 டிகிரியில் திருகுங்கள். துண்டை ரீப்பரோடு அணைத்துப் பிடித்து, கீழ்ப்படியில் இழைப்புளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்துத் தள்ளினால் முனை நேராகவும் செங்கோணமாகவும் இழைபடும். ரம்பத்தால் கொஞ்சம் கோணலாக அறுபட்டாலும் இங்கே சரியாகிவிடும். இந்தப் பெட்டியின் நேர்த்தியில் பாதி இந்தப் பலகையில்தான் இருக்கிறது. ரீப்பரைப் பொருத்தும்போது அவசரப்படாதீர்கள்.

நான்கு சுவர்கள்

பலகையின் இரண்டு முகங்களையும் ஒரு விளிம்பையும் இழையுங்கள். இழைக்கும்போது மரம் பிய்ந்து சிராய் எழுந்தால் நாருக்கு எதிராகப் போகிறீர்கள்; பலகையைத் திருப்பிப் போடுங்கள். பிறகு சுவருக்கான இரண்டரை அடியை நறுக்கி, அதன் அகலத்தை 80 மி.மீ. ஆக்குங்கள். கழிந்த ரீப்பரைப் பத்திரமாக வையுங்கள்.

இப்போது நீளவாக்கில் வரிசையாகக் குறியுங்கள்: முன், வலம், பின், இடம். முன்னும் பின்னும் 200 மி.மீ., வலமும் இடமும் 132 மி.மீ.; ரம்பம் தின்னும் இடத்துக்கும் முனை இழைப்பதற்கும் ஒவ்வொன்றுக்கும் இடையில் 5 மி.மீ. விடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒரே பலகையிலிருந்து அடுத்தடுத்து வெட்டியதால், பெட்டி சேர்ந்தபின் நாரின் ஓட்டம் முன்புறத்திலிருந்து மூலை திரும்பிப் பக்கத்துக்குத் தொடர்ந்து ஓடும். பார்ப்பவர் கண் முதலில் போவது அங்கேதான். மேல் விளிம்பில் பெயரையும், உள்முகத்தில் ஒரு பெருக்கல் குறியையும் பென்சிலால் போட்டுவிடுங்கள். பின்னால் குழப்பம் வராது.

கட்டரால் ஆழமாகக் கோடு கிழித்து, கழிவுப் பக்கத்திலிருந்து உளியால் அந்தக் கோட்டை நோக்கி ஒரு மெல்லிய சரிவு சீவி எடுங்கள். ரம்பம் அந்தப் பள்ளத்தில் தானாக உட்காரும், வழுக்காது. அறுத்தபின் முனை இழைக்கும் பலகையில் வைத்து இழையுங்கள். இழைப்புளி வெளியேறும் ஓரம் பிய்யாமல் இருக்க, அந்த மூலையை முதலில் உளியால் சற்று மழுக்கிவிட வேண்டும்.

இங்கேதான் நாடாவை மறக்க வேண்டும். முன் சுவரும் பின் சுவரும் சரியாக 200 இருக்கிறதா என்பது முக்கியமல்ல. இரண்டும் சமமாக இருக்கிறதா என்பதே முக்கியம். இரண்டையும் முதுகோடு முதுகாக மேசைமேல் நிறுத்தி, முனையில் விரல் நகத்தை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத உயரவேறுபாடு நகத்துக்குத் தெரியும். நீண்டதை மட்டும் ஒரு சீவல் எடுத்து மறுபடி பாருங்கள். வலம், இடம் இரண்டுக்கும் இதே சோதனைதான்.

மூலைக் காடி

முன், பின் சுவர்களின் உட்புறத்தில், இரண்டு முனைகளிலும் படிபோல் காடி எடுக்கப் போகிறோம். பக்கச் சுவர் அந்தப் படியில் வந்து உட்காரும்.

கோடு கிழிக்கும் கட்டையின் திருகாணியைப் பக்கச் சுவரின் கனத்துக்குச் சரிசெய்து, முன் சுவரின் முனையிலிருந்து உள்முகத்தில் கோடு இழுங்கள். இது காடியின் அகலம். அடுத்து திருகாணியை 4 மி.மீ. நீட்டத்துக்குக் குறையுங்கள். இம்முறை கட்டையை வெளிமுகத்தோடு அணைத்து, முனையிலும் இரண்டு விளிம்புகளிலும் கோடு இழுங்கள். வெளிமுகத்திலிருந்து குறிப்பதால், பலகை ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தாலும், மிஞ்சும் உதடு எங்கும் ஒரே கனத்தில் இருக்கும்.

காடி அகலக் கோட்டில் குறுக்காக, 4 மி.மீ. கோடு வரை அறுங்கள். பிறகு பலகையின் முனையில் உளியை வைத்துக் கழிவைப் பிளக்க வேண்டும். எடுத்த எடுப்பில் கோட்டின் மேல் உளியை வைக்காதீர்கள். முதலில் கழிவின் பாதிக் கனத்தில் வைத்து ஒரு தட்டு தட்டி, பிளவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். மேல்நோக்கி ஓடினால் பயமில்லை, மிச்சத்தையும் பிளக்கலாம். கீழ்நோக்கி, அதாவது உதட்டை நோக்கி ஓடினால் கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து கைப்பலத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். கடைசிச் சீவலுக்கு உளியைக் கோட்டிலேயே உட்காரவைத்து, முதுகுப்புறம் மரத்தோடு படியும்படி தள்ளுங்கள். மூலையில் தங்கும் பிசிறைக் கட்டரால் நறுக்கி எடுக்காவிட்டால் பக்கச் சுவர் முழுதாக உட்காராது.

நான்கு மூலையும் ஆனதும் பசையில்லாமல் சேர்த்துப் பாருங்கள். பக்கச் சுவரின் முனை உதட்டைத் தொட வேண்டும். அதன் உள்முகம் காடியின் தோளோடு, அதாவது குறுக்காக அறுத்த முகத்தோடு, இறுக வேண்டும். தோளில் இடைவெளி தெரிந்தால் காடி அகலம் கூடிவிட்டது. பக்கச் சுவரைத் தோளோடு தள்ளினால் முன் சுவரின் முனை அதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். ஒட்டிக் காய்ந்தபின் அந்த நீட்டலை இழைத்துவிட்டால் போதும்.

ஒட்டுதலும் மூங்கில் ஆணியும்

மரத்தின் வெட்டுமுனை பசையை உறிஞ்சிவிடும். அதனால் பக்கச் சுவர் முனைகளிலும் காடியின் தோளிலும் முதலில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, சில நிமிடம் விட்டு, மறுபடி பூசுங்கள். உட்புறம் வழியும் பசையை ஈரத்துணியால் உடனே துடைக்க வேண்டும். காய்ந்த பசையின் மேல் பாலிஷ் ஏறாது, திட்டாகத் தெரியும்.

கிளாம்புக்குப் பதில் சைக்கிள் டியூப். அதை ஒரு அங்குல அகல நாடாவாக நீளமாக வெட்டி, பெட்டியைச் சுற்றி நன்றாக இழுத்து நாலைந்து சுற்று சுற்றுங்கள். ரப்பரின் இழுப்பு நான்கு மூலையிலும் ஏறத்தாழ ஒரே அளவில் விழும் என்பதால், இந்த வேலைக்கு அது நாலு கிளாம்ப் வாங்குவதைவிட வசதி. ரப்பருக்கும் மரத்துக்கும் இடையில் பிளாஸ்டிக் தாள் வையுங்கள்.

பசை இறுகுவதற்குள் மூலைகள் செங்கோணமா என்று பார்க்க வேண்டும். ஒரு மெல்லிய குச்சியின் முனையைக் கூராக்கி, உட்புறம் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக வைத்து அடையாளம் போடுங்கள். அதே குச்சியை மற்ற இரு மூலைகளுக்கு வையுங்கள். அடையாளம் பொருந்தினால் பெட்டி சதுரமாக நிற்கிறது. பொருந்தாவிட்டால், நீளமாக உள்ள குறுக்கின் இரண்டு மூலைகளையும் உள்ளங்கையால் எதிரெதிரே அழுத்துங்கள். இரவு முழுக்க அப்படியே விடுங்கள்.

மறுநாள் மூங்கில் ஆணி. பசை மட்டும் வெட்டுமுனையில் காலத்துக்கும் நிற்காது. பக்கச் சுவரின் வெளிமுகத்தில், பெட்டியின் முன் ஓரத்திலிருந்தும் பின் ஓரத்திலிருந்தும் 8 மி.மீ. உள்ளே கோடு இழுத்து, மூலைக்கு மூன்று துளை, ஒவ்வொன்றும் சுமார் 25 மி.மீ. ஆழம். டிரில் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குச்சியின் முனையைச் சற்றுக் கூராக்கி, பசையில் தோய்த்து, மெதுவாகத் தட்டி இறக்குங்கள். அடியைத் தொட்டதும் தட்டும் ஓசை கனத்துவிடும். அதற்குமேல் அடித்தால் மரம் பிளக்கும். மிஞ்சியதை ரம்பத்தால் அறுத்து, உளியால் சுவரோடு சமமாகச் சீவுங்கள். இரும்பாணி துருப்பிடித்துக் கறை விடும். மூங்கிலுக்கு அந்தக் கவலை இல்லை. மூலையில் மூன்று மஞ்சள் புள்ளிகள் அழகாகவும் இருக்கும்.

அடிப்பலகைக்கு, ரீப்பரிலிருந்து 8 மி.மீ. சதுரச் சட்டங்கள் எடுத்து, உட்சுவரில் கீழ் விளிம்போடு சமமாக ஒட்டுங்கள். பிளைவுட்டின் மேல் பெட்டியையே கவிழ்த்து வைத்து உட்புறமாகக் கட்டரால் கோடு போட்டு, கோட்டை ஒட்டி அறுத்து, மேலிருந்து சட்டத்தின்மேல் இறக்கி ஒட்டுங்கள். பெட்டி மேசையில் ஆடினால், கண்ணாடியின் மேல் உப்புத்தாளைப் பரப்பி அடியைத் தேய்த்துச் சமமாக்கலாம்.

மூடி

மூடிக்கு 4 அங்குலப் பலகை போதாது; இரண்டு துண்டுகளைப் பக்கம் பக்கமாக ஒட்ட வேண்டும். ஒட்டும் விளிம்பு செங்கோணமாக இல்லாவிட்டால் மூடி நடுவில் கூரைபோல் மடங்கும். இதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு துண்டுகளையும் முகத்தோடு முகம் சேர்த்துப் பிடித்து, இரண்டு விளிம்புகளையும் ஒரே நேரத்தில் இழையுங்கள். இழைப்புளி ஒரு டிகிரி சாய்ந்தாலும், ஒன்று 91, மற்றது 89 என்றுதான் வரும். விரித்து வைத்தால் இரண்டும் சேர்ந்து 180. சாய்வு தன்னைத்தானே சரிக்கட்டிக்கொள்ளும். விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்து, இடுக்கில் வெளிச்சம் தெரியாதவரை இழையுங்கள். ஒட்டியபின் ஒரு பலகையில் இரண்டு ரீப்பர்களை ஆணியடித்து, நடுவே மூடியை வைத்து, ஒரு பக்கம் ஜோடி ஆப்பு செருகி இறுக்குங்கள்.

காய்ந்ததும் 206 × 146 மி.மீ. அளவுக்கு அறுத்து இழையுங்கள். சுற்றிலும் 3 மி.மீ. வெளியே நீட்டும். இந்த நீட்டல் அலங்காரத்துக்கு மட்டுமல்ல. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. அகலவாக்கில் மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். இந்த அகலமுள்ள மூடி ஆண்டுக்குள் ஒரு மி.மீ. அளவுக்கு அசையலாம். சுவரோடு சமமாக வெட்டியிருந்தால் ஐப்பசி மழையில் அது துருத்திக்கொண்டு தெரியும். 3 மி.மீ. நீட்டலில் ஒரு மி.மீ. வேறுபாடு யார் கண்ணிலும் படாது.

மூடி நகராமல் இருக்க, அதன் அடியில் பெட்டி வாய்க்குள் இறங்கும் பிளைவுட் தகடு வேண்டும். அடிப்பலகையை ஒட்டுவதற்கு முன்பே பெட்டியைக் கவிழ்த்து அதன் வாயைக் கோடு போட்டு வெட்டி, நான்கு பக்கமும் அரை அரை மி.மீ. இழைத்துவிடுங்கள். தகட்டை உள்ளே முட்டுக்கொடுத்துப் பெட்டியின் வாயில் பொருத்தி, அதன் நடுவில் மட்டும், நீளவாக்கில் இரண்டு விரல் அகலத்துக்குப் பசை தடவி, மூடியை மேலே வைத்துச் சுற்றிலும் நீட்டல் சமமாக இருக்கும்படி நகர்த்திக் கனம் ஏற்றுங்கள். தகடு முழுவதும் பசை போட்டால் மூடியால் விரிய முடியாது. அசையாத பிளைவுட் பிடித்து இழுக்க, மூடி வளைந்துவிடும்.

மெருகு

120, 180, 320 என்ற வரிசையில், நாரின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். கூரான ஓரங்களை இரண்டு இழுப்பில் மழுக்குங்கள். பென்சில் எழுத்துகளை இப்போது அழித்துவிடலாம்.

பூச்சுக்கு அரக்கு பாலிஷ் ஏற்றது. பெயின்ட் கடையில் பிரெஞ்ச் பாலிஷ் என்றே கேளுங்கள். மெல்லிய பருத்தித் துணியை மடித்து நனைத்து, போன இடத்துக்குத் திரும்பிப் போகாமல் ஒரே ஓட்டமாகப் பூசுங்கள். மூன்று பூச்சு போதும்; இடையிடையே 320 உப்புத்தாளால் லேசாக ஒரு தடவல். மழை நாளில் பூசினால் பாலிஷில் வெண்மை படரும், காத்திருங்கள். அதில் ஸ்பிரிட் இருப்பதால் அடுப்பும் விளக்கும் அருகில் கூடாது.

பெட்டியின் உட்புறத்தில் எண்ணெய் எதுவும் வேண்டாம். மூடியே இருக்கும் இடத்தில் எண்ணெய் வாடை மாதக்கணக்கில் தங்கும், பரிசுப் பொருளிலும் ஏறும். தேங்காய் எண்ணெய் காயவே காயாது. வெளிப்புறத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் வெளியில் விரித்துக் காயவையுங்கள். சுருட்டிய துணி தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

உள்ளே துணி விரிக்க நினைத்தால் மைதாப் பசை ஆகாது, பூச்சி வரும். அடிப்பலகை அளவுக்கு ஓர் அட்டையை வெட்டி, கைத்தறித் துண்டைச் சுற்றிப் பின்புறம் ஒட்டி, அப்படியே உள்ளே இறக்கிவிடுங்கள். அழுக்கானால் எடுத்து மாற்றலாம்.

கொடுப்பதற்கு முன்

மூடியை ஒரு திசையில் வைத்துப் பாருங்கள்; திருப்பி வைத்தும் பாருங்கள். இரண்டு பக்கமும் பொருந்தினால் எதிரெதிர்ச் சுவர்கள் சமமாக வந்திருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் பொருந்தினால் மூடியின் அடியிலும் அந்தச் சுவரின் உள்ளேயும் ஒரு சிறு புள்ளி வையுங்கள். வாங்குபவருக்குத் திசை தெரிந்தால் போதும். மூடி தளர்ந்திருந்தால் தகட்டின் விளிம்பில் தாள் ஒட்டி இறுக்குங்கள். பிடித்துக்கொண்டால் மெழுகுவத்தியை விளிம்பில் தேயுங்கள். பாலிஷ் வாடை போக இரண்டு மூன்று நாள் திறந்து வைத்துவிட்டு, அதன்பின் பொருளை உள்ளே வையுங்கள். பெட்டியை வெயில் விழும் ஜன்னலோரத்திலும் ஈரச் சுவரோரத்திலும் வைக்க வேண்டாம் என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.